சாதனைப் பட்டியலில் விடுபட்டவர்கள்: பள்ளிகளை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும் பள்ளி நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

பள்ளிகள் வெளியிடும் ஆண்டறிக்கைகளில் ‘மாணவர் சாதனைகள்’ என்று ஒரு பகுதியும் ‘சமூகத் தொடர்பு’ என்று இன்னொரு பகுதியும் தனித்தனியே அச்சாவது வழக்கமாகிவிட்டது. முதல் பகுதியில் தேர்ச்சி விகிதமும், முதல் மதிப்பெண் பெற்றவர்களின் படங்களும், விளையாட்டிலும் பேச்சுப் போட்டியிலும் வென்ற கேடயங்களும் வருகின்றன. இரண்டாம் பகுதியில் விழாவுக்கு வந்த சிறப்பு விருந்தினர்களும், கட்டடத்துக்குப் பணம் கொடுத்த புரவலர்களும், தூய்மைப் பேரணியில் பதாகை பிடித்து நிற்கும் மாணவர்களும் வருகின்றனர். ஒரு பகுதிக்கும் மற்றொன்றுக்கும் ஏதேனும் உறவு உண்டா என்று கேட்டால் அறிக்கையில் விடை கிடைக்காது. இவ்விரண்டையும் பிரித்து எழுதுவதை நிறுத்த வேண்டும், ஒவ்வொரு சாதனையும் யாருடைய துணையோடு விளைந்தது, விளைந்தபின் யாருக்குப் பயன்பட்டது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காகவே இம்மடலை எழுதுகிறேன். நெடுங்காலம் வகுப்பறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை.

இது வெறும் அறிக்கைத் தாளைப் பற்றிய கோரிக்கை அன்று. எதைச் சாதனை என்று எழுதுகிறோமோ அதையே அடுத்த ஆண்டு ஆசிரியர்கள் நாடுவார்கள், பெற்றோர் கேட்பார்கள், மாணவர்கள் தம்மை அளந்துகொள்ளும் அளவுகோலாகவும் கொள்வார்கள். ஆகவே அறிக்கையின் வடிவம் பள்ளியின் நடைமுறையையும் மெல்ல மாற்றிவிடும் வலிமை உடையது.

இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பிளாக்காட்டன் என்ற சிற்றூர் இருக்கிறது. அவ்வூரின் தொடக்கப் பள்ளியைச் சேர்ந்த 8 முதல் 10 வயது வரையிலான 25 மாணவர்கள், வண்டுத்தேனீக்கள் எந்தப் பூவை நாடுவது என்று முடிவெடுக்கும்போது நிறத்தை மட்டும் பார்க்கின்றனவா, நிறங்கள் எந்த இடத்தில் எப்படி அமைந்திருக்கின்றன என்பதையும் பார்க்கின்றனவா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு சோதனை செய்தார்கள். அதைப் பற்றி அவர்கள் எழுதிய கட்டுரை 2010 டிசம்பரில், லண்டன் ராயல் சொசைட்டி நடத்தும் ‘பயாலஜி லெட்டர்ஸ்’ என்ற ஆய்விதழில் வெளியானது. படங்களைக் குழந்தைகளே வண்ணப் பென்சிலால் வரைந்திருந்தார்கள்; நடையும் அவர்களுடையதே. முந்தைய ஆய்வுகளுக்கான மேற்கோள் பட்டியல் கிடையாது. நிற அமைப்பையும் இடத்தொடர்பையும் சேர்த்துப் பயன்படுத்தித் தேனீக்கள் பூவைத் தேர்ந்துகொள்ள முடியும் என்ற அவர்களுடைய முடிவு, புலமை மிக்கவர்களால் மதிப்பிடப்பட்டு ஏற்கப்பட்டது.

செய்தியாளர்கள் இதைக் ‘குட்டி விஞ்ஞானிகளின் சாதனை’ என்று எழுதினார்கள், அதில் தவறில்லை. ஆனால் அந்த ஆய்வு நடந்த இடம் பள்ளி ஆய்வகம் அன்று, அவ்வூரின் பழைய நார்மன் காலத் தேவாலயம். ஆய்வுக்கு வழிகாட்டிய நரம்பியல் அறிஞர் பூ லாட்டோ, அப்பள்ளியில் படித்த ஒரு மாணவனின் தந்தை. தன் பிள்ளையின் வகுப்புக்கு வந்த ஒரு பெற்றோர், கதவைத் திறந்துவிட்ட ஒரு தலைமையாசிரியர், தேனீக்களை வைத்துப் பார்க்க இடமளித்த ஓர் ஊர் ஆகிய மூன்றும் கூடியதால் அது நடந்தது. இதே செய்தி நம் ஆண்டறிக்கை ஒன்றில் அச்சாகியிருந்தால், மாணவர்களின் படமும் இதழின் பெயரும் இருந்திருக்கும், தேவாலயம் இருந்திருக்காது. தேவாலயத்தை விட்டுவிட்டு எழுதினால், படிக்கிற மற்றப் பள்ளிகள் அறிவாளிக் குழந்தைகள் வாய்த்தால் இப்படி நடக்கும் என்று எண்ணிக்கொள்ளும். அதைச் சேர்த்து எழுதியிருந்தால், நம் ஊரில் யார் இருக்கிறார்கள், எந்த இடம் காலியாக இருக்கிறது என்று தேடத் தொடங்கியிருக்கும்.

இன்னும் பழைய செய்தி ஒன்று உண்டு. புதிதாகக் கண்டறியப்பட்டு, அப்போது கோள் என்று கருதப்பட்ட விண்பொருளுக்கு 1930 மார்ச்சில் ‘புளூட்டோ’ என்று பெயர் சொன்னவர் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த 11 வயதுப் பள்ளி மாணவி வெனீஷியா பர்னி. அவர் அதைச் சொன்னது தன் தாத்தாவிடம். அந்தத் தாத்தா ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தின் முன்னாள் தலைவர். அவருக்கு வானியல் பேராசிரியர் ஹெர்பர்ட் ஹால் டர்னரைத் தெரியும். டர்னர் அமெரிக்காவின் லோவல் ஆய்வகத்துக்குத் தந்தி கொடுத்தார். அதே ஆண்டு மே முதல் நாள் அப்பெயர் முறையாக அறிவிக்கப்பட்டது. புராணக் கதைகளும் கோள்களின் வரிசையும் தெரிந்த 11 வயதுப் பிள்ளைகள் அன்றும் ஆயிரக்கணக்கில் இருந்திருப்பார்கள். சொன்னதைக் கேட்டு, கேட்டதை உரிய இடத்தில் சேர்க்கும் தாத்தா அவர்களில் எத்தனை பேருக்கு இருந்திருப்பார்?

நம் பள்ளிகளில் இந்த வேறுபாடு நாள்தோறும் கண்முன்னே நடக்கிறது. அறிவியல் கண்காட்சியில் பரிசு பெறும் மாதிரியின் பின்னால் பெரும்பாலும் ஒரு பொறியாளரான மாமாவோ மருத்துவரான அத்தையோ இருக்கிறார். பரிசு பெறாத மாணவனின் பின்னால் அத்தகைய ஒருவர் இல்லை. 1966-இல் அமெரிக்காவில் சுமார் 6 லட்சம் மாணவர்களைக் கொண்டு சமூகவியலறிஞர் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் நடந்த ஆய்வு, பள்ளியின் கட்டடம், கருவி, செலவு ஆகியவற்றைக் காட்டிலும் மாணவரின் குடும்பப் பின்னணியே கல்வி அடைவோடு நெருங்கிய தொடர்புடையது என்று கண்டது. அந்த முடிவைச் சிலர், பள்ளியால் ஒன்றும் செய்ய இயலாது என்பதாகப் படித்தார்கள். எனக்கு அது வேறு விதமாகப் படுகிறது. குடும்பம் தன் பழக்கவழக்கத்தாலும் அறிமுகங்களாலும் சில பிள்ளைகளுக்குச் செய்து கொடுப்பதை, ஊரின் துணையோடு எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்து கொடுக்கக்கூடிய பொது அமைப்பு பள்ளி ஒன்றுதான். சமூகத் தொடர்பு என்பதன் முழுப் பொருளும் எனக்கு இதுவே. விழா மேடையில் போர்த்தப்படும் பொன்னாடை அன்று.

ஊர் என்று சொல்லும்போது படித்தவர்களையும் வசதியுள்ளவர்களையும் மட்டும் நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டூசான் நகரில், மெக்சிகோ வழிவந்த உழைக்கும் குடும்பங்களின் வீடுகளுக்கு ஆசிரியர்களே ஆய்வாளர்களாகச் சென்றார்கள். லூயிஸ் மோல் என்பவரும் அவருடைய குழுவினரும் 1992-இல் வெளியிட்ட அந்த ஆய்வு, இக்குடும்பங்களிடம் உழவு, கால்நடை, சுரங்கம், கட்டுமானம், மூலிகை மருத்துவம், வணிகம் ஆகியவற்றில் செறிவான அறிவு இருப்பதை எடுத்துக் காட்டியது. மெக்சிகோ மிட்டாய்களை வாங்கிவந்து விற்கும் மாணவன் ஒருவனைக் கண்ட ஆசிரியை, மிட்டாயையே பாடமாக்கினார். சேர்பொருள்களை ஒப்பிட்டு வரைபடம் வரைந்தார்கள். ஒரு மாணவரின் தாய் வகுப்புக்கு வந்து மிட்டாய் செய்து காட்டினார். அந்தத் தாயை அதற்கு முன் பள்ளி எதற்காக அழைத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பிள்ளையின் மதிப்பெண் குறைந்தால் கண்டிப்பதற்கு அழைத்திருக்கும். கற்பிப்பதற்கு அழைக்கப்பட்ட ஒரு தாயின் பிள்ளை அதன்பின் வகுப்பில் எப்படி உட்காரும் என்பதை ஆசிரியராக இருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மதிப்பெண் வரிசையைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை; பலர் எழுதியாயிற்று. வேல்ஸ் நாடு 2001-இல் பள்ளிகளின் தரவரிசைப் பட்டியல் வெளியிடுவதைக் கைவிட்டது. தமிழ்நாடு 2017-இல் பொதுத் தேர்வுகளில் மாநில அளவில் முதலிடங்கள் பெற்றவர்களை அறிவிப்பதை நிறுத்தியது. அரசுகளே விட்டுவிட்ட ஒன்றைப் பள்ளிகள் தம் சுற்றுச்சுவர்களில் தொடர வேண்டுமா என்று மட்டும் கேட்டுவைக்கிறேன்.

பரிசுகளைப் பற்றியோ சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊர்ப் பெரியவர்கள் பள்ளிக்கு ஏதேனும் செய்ய நினைத்தால் முதலில் முன்வருவது பரிசு கொடுக்கத்தான். மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூவர் 1973-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இயல்பாகவே படம் வரைவதில் விருப்பமுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளில் சிலருக்கு, வரைந்தால் தங்க நட்சத்திரமும் நாடாவும் ஒட்டிய சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல், வரைந்தபின் கொடுத்தார்கள். மற்றவர்களுக்குக் கொடுக்கவே இல்லை. சில நாள்கள் கழித்துப் பார்த்தபோது, சான்றிதழை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகளே விருப்ப நேரத்தில் வரைவதைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். எதிர்பாராமல் பெற்றவர்களுக்கு அந்தக் குறை நேரவில்லை. பரிசே கூடாது என்று இதிலிருந்து முடிவு கட்டுவது மிகை. ஆனால் பரிசுக்காக அறக்கட்டளை ஏற்படுத்த வரும் அன்பரிடம், ‘ஐயா, அந்தத் தொகையை வைத்துக்கொள்ளுங்கள், அதற்குப் பதிலாக ஆண்டுக்குச் சில பிற்பகல்கள் வந்து எங்கள் மாணவர்கள் செய்த வேலையைப் பார்த்து, அது சரியாக இருக்கிறதா என்று உங்கள் தொழில் அறிவைக் கொண்டு சொல்லுங்கள்’ என்று தலைமையாசிரியர் ஒருவர் துணிந்து கேட்கலாம். பலர் வியப்போடு ஒப்புக்கொள்வார்கள் என்றே நம்புகிறேன். இதுவரை அவர்களிடம் யாரும் அறிவைக் கேட்டதில்லை, பணத்தைத்தான் கேட்டிருக்கிறோம்.

என் கோரிக்கையின் மையம் இங்கேதான் இருக்கிறது. ஊரைப் பார்வையாளராகவும் நன்கொடையாளராகவும் அழைக்கும் பள்ளிகள் அதை மதிப்பீட்டாளராக அழைக்க வேண்டும். தச்சர் ஒருவர், மாணவி செய்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்து, பொருத்து தளர்வாக இருக்கிறது என்று சொல்லட்டும். செவிலியர் ஒருவர், மாணவர்கள் எழுதிய காய்ச்சல் விழிப்புணர்வுத் துண்டறிக்கையைப் படித்து, மூன்றாம் வரி நோயாளியை அச்சுறுத்தும் என்று திருத்தட்டும். கணக்கர் ஒருவர், மாணவர் சிக்கனச் சங்கத்தின் வரவுசெலவுக் கணக்கைத் தணிக்கை செய்யட்டும். இவர்களுடைய ‘போதாது, மறுபடி செய்’ என்ற சொல்லுக்குப்பின் கிடைக்கும் ‘சரி’ என்பது, எந்தச் சான்றிதழும் தராத ஒரு தெளிவை மாணவருக்குத் தரும். வகுப்பாசிரியரின் மதிப்பெண்ணை மாணவர்கள் ஆசிரியரின் அன்பாகவோ கோபமாகவோ எடுத்துக்கொள்வதுண்டு. தன்னை அறியாத ஒரு தொழிலாளியின் தீர்ப்பை அப்படி எடுத்துக்கொள்ள வழியில்லை.

மாணவர்களின் வேலை பள்ளிக்கு வெளியே உண்மையிலேயே பயன்படும்போது இத்தகைய மதிப்பீடு தானாகவே வந்துவிடுகிறது. 1995-இல் தொடங்கிய ‘குளோப்’ என்ற பன்னாட்டுத் திட்டத்தில், 120-க்கும் மேற்பட்ட நாடுகளின் பள்ளிகள் சேர்ந்திருக்கின்றன. மாணவர்கள் தம் சுற்றுப்புறத்தின் மழையளவையும் வெப்பநிலையையும் மண்ணையும் நீரையும் வகுத்துரைத்த முறைப்படி அளந்து பொதுத் தரவகத்தில் சேர்க்கிறார்கள். அறிவியலறிஞர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். மழைமானியை ஒரு நாள் பார்க்க மறந்துவிட்டு மனம்போன எண்ணைக் குறித்தால், பரீட்சையில் மதிப்பெண் குறையாது, பதிவேடு பொய்யாகும். அந்தப் பொறுப்பை ஒரு மாணவி ஆண்டு முழுவதும் விடுமுறையிலும் சுமந்தாள் என்றால், அது ஆண்டறிக்கையில் முதல் பக்கத்துக்கு உரிய செய்தி என்பது என் கருத்து. இன்றைய வடிவத்தில் அவளுக்கு அங்கே ஒரு வரிகூட இல்லை.

இனி, தயக்கங்களுக்கு வருகிறேன். இவை அற்பமானவை அல்ல.

1966-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில மலைப்பகுதிப் பள்ளி ஒன்றில், மாணவர்கள் தம் ஊர் முதியோரைப் பேட்டி கண்டு, மரக்கட்டை வீடு கட்டுவது முதல் சோப்பு காய்ச்சுவது வரை அவர்களுடைய தொழிலறிவைப் பதிந்து ‘ஃபாக்ஸ்ஃபயர்’ என்ற இதழை நடத்தத் தொடங்கினார்கள். அது பின்னர் நூல் வரிசையாகவும் வந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. பள்ளிக்கும் ஊருக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேசுவோர் தவறாமல் காட்டும் எடுத்துக்காட்டு அது. அவர்களில் பலர் சொல்லாமல் விடும் செய்தி, அந்த இதழை மாணவர்களோடு சேர்ந்து தொடங்கிய ஆசிரியர் 1992-இல் ஒரு சிறுவனிடம் பாலியல் குற்றம் புரிந்ததை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு சிறைத் தண்டனை பெற்றார் என்பது. மாணவர்கள் உருவாக்கிய இதழின் மதிப்பு அதனால் குறையவில்லை. ஆனால் புகழ்பெற்ற, ஊரே போற்றுகிற ஒருவரிடம் பிள்ளைகளைக் கேள்வியின்றி ஒப்படைக்கலாகாது என்பதற்கு அதைவிடக் கடுமையான சான்று வேண்டியதில்லை. பள்ளிக்குள் யார் வந்தாலும், அவர் எத்துணைப் பெரியவரானாலும், மாணவரோடு தனித்திருக்க நேராதபடி ஏற்பாடு செய்வதும், முறையிட விரும்பும் மாணவருக்குப் பள்ளிக்கு வெளியிலும் ஒரு வழி இருப்பதும் முன்நிபந்தனைகள். இவற்றைச் செய்ய இயலாத பள்ளி ஊரை அழைப்பதைத் தள்ளிவைப்பதே மேல்.

அடுத்தது விளம்பரம். மாணவரின் முழுப் பெயரும் வகுப்பும் படமும் வீட்டு நிலையும் சேர்த்து, ‘வறுமையிலும் சாதித்த மாணவி’ என்று வெளியிடுவதைப் பெருமை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அந்தச் செய்தி இணையத்தில் அவளோடு வாழ்நாள் முழுவதும் வரும். 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, 16-ஆம் பிரிவில் குழந்தையின் தனியுரிமையையும், 12-ஆம் பிரிவில் தன்னைப் பற்றிய முடிவுகளில் தன் கருத்தைச் சொல்லும் உரிமையையும் வழங்குகிறது. பெற்றோரிடம் கையெழுத்து வாங்குவதோடு நிறுத்திவிடாமல், அம்மாணவியிடமே, எது எழுதப்படலாம், எது கூடாது என்று கேட்பது ஒரு தாளும் பேனாவும் மட்டும் வேண்டிய வேலை.

மூன்றாவதாக, ஊர்ப்பணி என்ற பெயரில் மாணவர்கள் கூலியில்லா ஆள்களாகிவிடக் கூடாது. தெருக் கூட்டுவதற்கும் விழாவில் நாற்காலி போடுவதற்கும் அழைப்பது கல்வி ஆகாது. அதில் கற்பதற்கு ஒன்று இருந்து, அதைக் கற்றார்களா என்று பார்ப்பதற்கு ஓர் ஆசிரியரும் இருந்தாலன்றி அவ்வழைப்பைப் பள்ளி மறுக்கலாம். மறுப்பதற்கு நிர்வாகக் குழுவின் துணை தலைமையாசிரியருக்கு வேண்டும், ஏனெனில் அழைப்பவர் பெரும்பாலும் மறுக்கமுடியாத ஒருவராக இருப்பார்.

நிர்வாகக் குழுவைப் பற்றிச் சொல்ல நேர்ந்ததால் ஒன்று சேர்க்கிறேன். இந்தியாவின் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், 21-ஆம் பிரிவில், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷயரில் கல்விச் செயலராக இருந்த ஹென்றி மோரிஸ், 1924-இல் முன்வைத்த குறிப்பில், சிறுவர் பள்ளியும் முதியோர் கல்வியும் நூலகமும் மன்றமும் ஒரே வளாகத்தில் இயங்கும் ‘கிராமக் கல்லூரி’களை வேண்டினார், முதலாவது 1930-இல் சாஸ்டனில் திறக்கப்பட்டது. சட்டத்தாலும் கட்டடத்தாலும் ஊருக்குப் பள்ளியில் இடம் தர முடியும் என்பதை இவை காட்டுகின்றன. அப்படிக் கிடைத்த இருக்கையில் அமர்ந்தவரிடம் கழிவறைப் பழுதையும் சுற்றுச்சுவரையும் பற்றி மட்டுமே பேசி அனுப்பிவிட்டால், பிள்ளைகள் என்ன கற்கிறார்கள் என்ற பேச்சில் அவருக்குப் பங்கே இல்லாமல் போகும். ‘எனக்குப் படிப்பு இல்லை, நான் என்ன சொல்ல’ என்று ஒதுங்கும் உறுப்பினரிடம், அவர் நன்கறிந்த வேலை ஒன்றை மாணவர்கள் செய்து காட்டும்போது கேளுங்கள், தயங்கமாட்டார்.

ஆகவே, அடுத்த ஆண்டறிக்கையைத் தயாரிக்கும்போது, ‘சாதனைகள்’, ‘சமூகத் தொடர்பு’ என்ற இரு பகுதிகளையும் எடுத்துவிட்டு, மாணவர்கள் செய்த வேலைகள் என்ற ஒரே பகுதியை அமைக்குமாறு வேண்டுகிறேன். ஒவ்வொரு வேலைக்கும் கீழே, அதைக் கற்பித்தவர் அல்லது துணைநின்றவர் யார், பார்த்து மதிப்பிட்டவர் யார், முதலில் என்ன குறை சொன்னார், மாணவர்கள் எதை மாற்றினார்கள், இப்போது அது எங்கே பயன்படுகிறது என்பவற்றைச் சில வரிகளில் மாணவர்களே எழுதட்டும். தேர்வு முடிவுகள் இருக்கட்டும். அவற்றை மொத்த எண்களாக, படங்கள் இன்றி, கடைசிப் பக்கத்தில் தரலாம். எழுதி முடித்தபின், அச்சுக்குப் போகுமுன், பெயர் குறிப்பிடப்பட்ட ஒவ்வொருவரிடமும் ஒரு படி காட்டி ஒப்புதல் பெற்றுக்கொள்ளுங்கள். முதல் ஆண்டில் அந்தப் பகுதி இரண்டு மூன்று பக்கங்களைத் தாண்டாமல் இருக்கலாம். அதை நிரப்புவதற்காகப் பழைய கேடயங்களின் படங்களைச் சேர்க்க வேண்டாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்